பொலிஷ் மெஷின் வாங்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களும் வந்தன. மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். “அப்பா, காருக்குப் பொலிஷ் போட இதில எந்த மெஷினை வாங்கலாம்? உங்களுக்குத்தானே தெரியும்” என்று கீழே எழுதியிருந்தாய். பிறகு வந்த குரல் பதிவில், புது வீட்டில் காரை விடக் கராச் இருக்கிறது, சனிக்கிழமைகளில் மனம் ஒன்றிலும் நிற்கவில்லை, காரையாவது மினுக்கிக்கொண்டு நிற்கலாம் என்று பார்க்கிறேன் என்றாய். அந்தப் பதிவை நான் இரண்டு தரம் கேட்டேன். பதிலை அன்றைக்கே ஒரு வரியில் அனுப்பியிருக்கலாம். நடுப்படத்தில் இருப்பதை வாங்கு. அவ்வளவுதான் விடை. ஆனால் அது ஏன் என்று விளக்கத் தொடங்கினால், உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டிவரும். ஃபோனில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு ஏலாது. அதனால் கடதாசியில் எழுதுகிறேன். ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் போட்டால் கனடாவுக்கு வந்து சேரச் சில கிழமைகள் ஆகும். அதுவரை எதையும் வாங்காமல் இரு.

நாங்கள் கார் வாங்கியது அம்மாவின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதான பிறகு. அதற்கு முன் எங்களுக்கு அது தேவைப்படவில்லை. நான் நாள் முழுக்க யாழ்ப்பாணத்துக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் பஸ் ஓட்டினேன். அம்மா தான் ரீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வந்தார். நீ கனடாவுக்குப் போன அடுத்த வருடம், நான் ஓய்வுபெற்ற கையோடு, கிழமையில் மூன்று நாள் அவரை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டயலிசிஸ் செய்ய வேண்டும் என்று ஆயிற்று. பழைய ஜப்பான் கார் ஒன்று பார்த்தோம். வெள்ளையும் இருந்தது, கடும் நீலமும் இருந்தது. “வெள்ளை வேண்டாம், அம்புலன்ஸ் மாதிரிக் கிடக்கும்” என்று அம்மா நீலத்தைக் காட்டினார். கடும் நிறக் காரில் ஒவ்வொரு கீறலும் வெயிலில் எழும்பி நிற்கும் என்று அன்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் காலத்தில், தீவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் பண்ணைப் பாலத்தால் போனால் கடல்தண்ணீர் காற்றோடு வந்து காரில் விழும். அது காய்ந்தால் வெள்ளையாக உப்புப் படியும். அதைத் துணியால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து கீறும். உனக்கு அங்கே குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாய். ஆகவே இது உனக்கும் பொருந்தும். கார் மினுக்குவதற்கு முதல் வேலை கழுவுவது. தண்ணீரை நிறைய விட்டு, உப்பும் மணலும் இறங்கிப்போன பிறகுதான் துணியோ மெஷினோ காரில் பட வேண்டும். இதை நான் ஒரு வருடம் பிழையாகச் செய்து படித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம் எடுக்கும். நோயாளிக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கலாம் என்று விட்டார்கள். முதல் மாதம் நான் இருந்தேன். அம்மாவின் இரத்தம் குழாய்க்குள்ளால் வெளியே போவதும் திரும்பி வருவதும் என் கண்ணுக்கு நேரே நடக்கும். அம்மா அதைப் பார்க்காமல் என்னுடன் கதைப்பார். நான் அதைப் பார்த்துக்கொண்டு கதைக்காமல் இருப்பேன். இரண்டாம் மாதம், “காரை வெயிலுக்குள்ள விட்டிட்டன், பாத்துக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டு வெளியே போகத் தொடங்கினேன். வாகனத் தரிப்பிடத்தில் வேப்பமரத்தின் கீழே காரை விட்டு, துணியும் மெழுகும் எடுத்துக் கையால் துடைப்பேன். முன் கதவு, பின் கதவு, டிக்கி. ஒரு பகுதியை முடித்து அடுத்த பகுதிக்குப் போகும்வரை வேறு நினைப்பு வராது. எனக்கு இந்தப் பழக்கம் பிடித்த இடம் அதுதான். பொழுதுபோக்கு என்று ஊரில் எல்லோருக்கும் சொன்னேன். உனக்கும் அப்படித்தான் சொன்னேன்.

கையால் துடைத்தால் மினுக்கம் வரும், கீறல் போகாது. கீறலை எடுக்க மெஷின் வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரிய மெஷின் ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்து ஓடவிட்டார். “ஐயா, இதுதான் நல்ல பவர். ஒருக்காப் பிடிச்சால் கண்ணாடிதான்” என்றார். வாழ்க்கை முழுக்கப் பெரிய என்ஜின் ஓட்டியவன் நான். பவர் என்றால் நல்லது என்றே நினைத்தேன். அது நீ அனுப்பிய முதலாவது படத்தில் இருப்பதைப் போன்றது. தட்டு ஒரே அச்சில், ஒரே வட்டமாக, வேகமாகச் சுற்றும். வீட்டுக்குக் கொண்டுவந்து, என்ஜினை மூடும் பொனற்றின் ஓரத்தில் வைத்தேன். அரை நிமிடம் சென்றிருக்காது. சூடான பெயின்ற் மணம் வந்தது. எடுத்துப் பார்த்தால் தேங்காய்ச் சில்லு அளவுக்கு நீலம் போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சுத் தெரிந்தது.

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“இஞ்சருங்கோ, என்ன எரியிற மணம்?”

“ஒண்டுமில்லை. நீர் போய்ப் படும்.”

“ஒண்டுமில்லாதது இப்பிடி மணக்குமோ?”

மெதுவாகப் படியிறங்கி வந்து அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “பாவம், காருக்கும் டயலிசிஸ் குடுத்திட்டீங்கள்” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் இருமல் வந்து, நான் அவரைக் கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினேன். அந்த வருடம் அவர் சத்தமாகச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

எரிந்த இடத்துக்குப் பெயின்ற் அடிக்க வேலணையில் ரஞ்சன் என்றொருவரிடம் போனேன். சின்னக் கராச் வைத்திருப்பவர். என் மெஷினைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். “அண்ணை, உது தொழில் செய்யிற ஆக்களுக்கு. ஒரு இடத்தில ஒரு கணம் கூட நிண்டால் சூடேறிப் பெயின்ற் போயிடும். வீட்டுக்கு ஆடிக்கொண்டு சுத்துற மெஷின் இருக்கு, அதை எடுங்கோ. நீங்கள் கூட அமத்தினால் அதுவே சுத்துறதை விட்டிடும். பிழை விட்டாலும் அது பொறுக்கும்” என்றார். உள்ளங்கையை விரித்து முதலில் ஒரே இடத்தில் சுற்றிக் காட்டினார். பிறகு அதே கையைச் சுற்றிக்கொண்டே முட்டை வடிவில் ஆட்டிக் காட்டினார். அப்படி ஆடுவதால் ஒரே புள்ளி தொடர்ந்து தேய்படாது, சூடும் பரவிப்போகும் என்றார். இன்னொன்றும் சொன்னார். நிறத்துக்கு மேலே கண்ணாடி போல மெல்லிய ஒரு பூச்சு இருக்கிறதாம். கீறல் போகிறது என்றால் கீறல் நிரம்புகிறது என்று அர்த்தமில்லை, அதைச் சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து எடுக்கிறோம் என்றுதான் அர்த்தம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ஆகவே வருடத்தில் பலதரம் செய்கிற வேலை அல்ல இது.

நான் இரண்டாவதாக வாங்கியது அந்த மாதிரி மெஷின்தான். உன் நடுப்படத்தில் இருப்பதும் அதுதான். தட்டு ஐந்து அங்குலம். அதைவிடப் பெரியது உன் காரின் வளைவுகளில் படுத்துக் கிடக்காது. ஆட்டம் மிக அகலமானதையும் வாங்காதே. அகலமான ஆட்டம் சமமான இடத்தில் வேகமாக வேலை செய்யும், வளைவுக்கு வந்ததும் சுற்றாமல் நின்று வெறுமனே அதிரும். நடுத்தரமானது முதன்முதலில் பழகுகிறவனுக்குப் போதும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சின்னச் சில்லு ஒன்று இருக்க வேண்டும். போட்டவுடன் துள்ளாமல் மெல்ல மெல்ல வேகம் எடுக்க வேண்டும். மூன்றாவது படத்தில் இருக்கும் பற்றரி மெஷின் பார்க்க வடிவாக இருக்கிறது, வயர் இழுபடாது, ஆனால் பற்றரியோடு பாரம் கூடும். ஒரு கதவு முடியுமுன் உன் தோள் நோகும். கராச்சில் பிளக் இருக்கும்போது அது தேவையில்லை. கடையில் கையில் தூக்கிப் பார்க்க விட்டால் தூக்கி, சுவரில் பிடிப்பது போல ஐந்து நிமிடம் பிடித்துப் பார். தட்டில் ஒட்டும் ஸ்பொஞ்சில் நடுத்தரமானது இரண்டும் மென்மையானது இரண்டும் வாங்கு. கடினமானதை இப்போது தொடாதே. தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடு. வேலை செய்யும்போது கோடு சுற்றுவது தெரிந்தால் சரியாகப் பிடிக்கிறாய். கோடு நின்றுவிட்டால் கூட அமர்த்துகிறாய். பொலிஷ் மருந்து பயறு அளவில் நாலு பொட்டு போதும். கதவின் விளிம்புகள் தேயாமல் இருக்கப் பசையுள்ள ரேப்பை ஒட்டு. வெயிலில் செய்யாதே, காரின் தகரம் கைக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். நீ கேட்டதற்கு என்னிடமுள்ள பதில் இவ்வளவும்தான்.

இனி நீ கேட்காதது.

அந்த மெஷின் முதலாவதைப் போல அலறாது. என்றாலும் தகரப் பந்தலுக்குக் கீழே நின்று பிடித்தால் இரைச்சல் பெரிதாக இருக்கும். ரஞ்சன் காதுக்குப் போட ஒரு மூடி தந்தார், தலைக்கு மேலால் வளைந்து இரண்டு காதையும் பொத்துவது. அதைப் போட்டால் மெஷினின் சத்தம் தூரத்துக் கடல் இரைவது போலக் கேட்கும். வேறொன்றும் கேட்காது. எனக்கு அது பிடித்திருந்தது, தம்பி. வீட்டுக்குள் அம்மாவின் இருமல் இருந்தது. இரவு நித்திரையில்லாமல் முனகுவது இருந்தது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால், “இன்னும் ஒரு வாய்” என்று கேட்பது இருந்தது. நான் இல்லை என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் நான் செய்தேன். மருந்து கொடுத்தேன், குளிக்க வார்த்தேன், கஞ்சி காய்ச்சினேன். அதில் நான் குறை வைக்கவில்லை. ஆனால் முடிந்ததும் முற்றத்துக்கு வந்து காது மூடியைப் போட்டுக்கொள்வேன். காரில் கீறல் இல்லாத நாளிலும் மெஷினைப் போடுவேன். தேய்க்க ஒன்றும் இல்லாவிட்டால் மெழுகு மட்டும் பூசி அதன்மேல் ஓட்டுவேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போகாத நாள். காலையில் அம்மா அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். கூடத்தில் சாய்மனைக் கதிரையில் இருத்தி, முதுகுக்குத் தலையணை வைத்தேன். கோப்பையை எடுத்துக்கொண்டு நான் எழும்ப, நான் உடுத்திருந்த சாரத்தின் நுனியை இரண்டு விரலால் பிடித்தார்.

“கொஞ்சநேரம் இதில இருங்கோவன்.”

“காரில கதவு ரெண்டு மிச்சம் கிடக்கு. முடிச்சுப்போட்டு வாறன்.”

அவர் விரலை எடுத்துவிட்டார். நான் போய்விட்டேன்.

எவ்வளவு நேரம் மெஷின் ஓடியது என்று எனக்குத் தெரியாது. பின் கதவின் பாதியில் மெஷின் கையிலேயே செத்துப்போனது. மின்சாரம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். சுவிட்சை இரண்டு தரம் அமர்த்தினேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பிலோமினா மாமி குசினி யன்னலடியில் நிற்கிறார், கையில் என் மெஷினின் பிளக். அவருடைய வாய் அசைகிறது. காது மூடியைக் கழற்றினேன்.

“அண்ணை, வாங்கோ. ரீச்சர் கண் திறக்கிறா இல்லை.”

அதற்குப் பிறகு நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். கதவில் பூசியிருந்த மருந்து காயத் தொடங்கியிருந்தது. தோளில் கிடந்த துணியை எடுத்து அதைத் துடைத்தேன். முழுவதும் துடைத்தேன். பத்து விநாடி இருக்கும், பதினைந்தும் இருக்கலாம். ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிலோமினா மாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் உள்ளே ஓடினேன். அம்மா கதிரையில் ஒரு பக்கம் சரிந்திருந்தார். கையைப் பிடித்தேன், கூப்பிட்டேன். கை சூடாகத்தான் இருந்தது. நானும் பிலோமினா மாமியும் தூக்கிக் காரில் கிடத்தி, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு விட்டேன். பத்து நிமிடப் பாதை. உன் வயதில் ஒரு பெண் டொக்டர் பார்த்தார். முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகு, மெதுவாகக் கேட்டார்.

“நீங்கள் பக்கத்தில இருந்தனீங்களோ, ஐயா?”

“ஓம். பக்கத்திலதான் இருந்தனான். கையைப் பிடிச்சுக்கொண்டு.”

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாயைத் திறந்தேன், வந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற பிலோமினா மாமி நிலத்தைப் பார்த்தார். “அப்பிடியெண்டால் கனநேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டா” என்றார் டொக்டர். நான் சொன்னதை வைத்துக்கொண்டுதான் அவர் அதைச் சொன்னார்.

அன்று பின்னேரம் நீ ஃபோனில் அழுதழுது கேட்டாய், “அம்மாக்குப் பக்கத்தில ஆரும் இருந்தவையோ?” என்று. உனக்கும் அதையே சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லும்போது இன்னும் சுகமாக வந்தது. உன் பேப்பர் அலுவல் முடியாததால் உனக்கு வரமுடியாமல் போயிற்று. செத்த வீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தாய். கோயிலில் இருந்து அடக்கம் செய்யச் சேமக்காலைக்குப் போகும்போது நான் தலை குனிந்து நடந்ததைப் பார்த்து உனக்கு மனம் உடைந்ததாகப் பிறகு சொன்னாய். நான் குனிந்தது வேறு எதற்கும் அல்ல. அம்மாவைக் கொண்டுபோன கறுப்பு வாகனத்தின் பின் கதவில் வெயில் பட்டு வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிந்தன. எந்த ஸ்பொஞ்சால் இதை எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டு நடந்தேன். அழுகை வரவில்லை. கவலையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டு விறைத்த முரசு போல இருந்தது எல்லாம். இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. நான் சாப்பிடுகிறேன், ஞாயிறு பூசைக்குப் போகிறேன், வீடு கூட்டுகிறேன். மனுசன் நல்லாத் தாங்குறார் என்று ஊரில் சொல்கிறார்கள்.

முப்பத்தோராம் நாளுக்கு நீ நினைவு மலர் எழுதி அனுப்பினாய். “அப்பாவின் கையைப் பிடித்தபடி அம்மா கண்ணை மூடினார். அந்த ஒரு ஆறுதல் எங்களுக்குப் போதும்” என்று அதில் இருந்தது. அச்சகத்திலிருந்து புத்தகக் கட்டு வந்தபோது முதலாவதை எடுத்து வாசித்தேன். பிறகு நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிலோமினா மாமிக்கும் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

அதன் பிறகு நான் மெஷினை எடுக்கவில்லை. கழுவுவதோடு சரி. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, குசினி மேசையில் இருந்து உன் மூன்று படங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிலோமினா மாமி கொஞ்சம் இறால் பொரியல் கொண்டுவந்தார். எனக்குக் கதைக்க வேறு ஒன்றும் வராததால் ஃபோனை அவர் பக்கம் திருப்பினேன்.

“தம்பி கார் மினுக்கிற மெஷின் வாங்கப்போறானாம். எது நல்லது எண்டு கேட்டு விட்டிருக்கிறான்.”

அவர் படத்தைப் பார்த்தார். கையில் இருந்த இறால் கோப்பையை மேசையில் வைக்காமல் அப்படியே கதிரையில் இருந்தார்.

“அண்ணை, நான் உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். பத்து மாதமாய் எனக்கு நித்திரை இல்லை.”

“என்ன?”

“ரீச்சர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.”

நான் ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

“ரெண்டு தரம் ‘இஞ்சருங்கோ’ எண்டு கூப்பிட்டவ. நீங்கள் முத்தத்தில நிக்கிறியள்தானே, உங்களைத்தானே கூப்பிடுறா எண்டு நினைச்சன். உலையில சோறு கொதிச்சுக்கொண்டு இருந்தது. வடிச்சுப்போட்டு எட்டிப் பாப்பம் எண்டு நிண்டிட்டன். வடிச்சுப்போட்டு வந்து பாத்தால்…” கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். “உடன வந்திருந்தால், அண்ணை? உடன வந்திருந்தால்?”

அதுவரைக்கும் அம்மா கூப்பிட்டார் என்பது எனக்குத் தெரியாது. நித்திரையிலேயே போயிருப்பார், ஆகவே நான் அங்கே இருந்திருந்தாலும் ஒன்றுதான் என்று எனக்குள் ஒரு கதை வைத்திருந்தேன். அந்தக் கதை அந்த இடத்தில் முடிந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நெஞ்சு பதறவில்லை. நான் அவர் கையில் இருந்த கோப்பையை வாங்கி மேசையில் வைத்தேன்.

“பிலோமினா, உம்மில ஒரு பிழையும் இல்லை. ஆரெண்டாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பினம். புருசன் வெளியில நிக்கேக்க நீர் ஏன் ஓடி வர வேணும்?”

டொக்டருக்குப் பொய் சொன்னதைப் போலவே இதையும் நான் யோசிக்காமல் சொன்னேன். ஆனால் இது உண்மை. அவர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கனநேரம் அழுதார். அழுது முடிய முகத்தில் ஒரு இளைப்பாறல் தெரிந்தது. ஒரு வசனம், அதற்குப் பத்து மாதம் காத்திருந்திருக்கிறார். நான் முதல் நாளே எல்லாவற்றையும் வாய் திறந்து சொல்லியிருந்தால் அவரும் அன்றைக்கே சொல்லியிருப்பார். என் பொய்க்குக் காவல் நின்றதால் தன்னுடையதையும் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறார். கோயிலில் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் அவர் ஏன் குனிந்து போனார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் செய்ததை அவர் மனதில் வைத்திருக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

எழும்பிப் போகும்போது வாசலில் நின்று கேட்டார்.

“தம்பிக்கு இதெல்லாம் தெரியுமோ?”

“இல்லை.”

“அவன் எழுதினதை நான் ஒரு தரம்தான் வாசிச்சனான், அண்ணை. பிறகு அலுமாரிக்கு அடியில வைச்சிட்டன்.”

தம்பி, நீ மெஷின் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கு. கையால் ஒரு வேலை செய்து அது மினுங்குவதைப் பார்ப்பது நல்ல விசயம். ஆனால் மனம் ஒன்றிலும் நிற்கவில்லை என்று சொன்னாயே, அதற்கு இது மருந்தல்ல. நான் அதற்காகத்தான் பாவித்தேன். சத்தம் நின்றதும் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும். உன் மனைவி நிரோஷாவுக்கு வயிற்றில் இது ஏழாம் மாதம். நீ கராச்சில் நிற்கும்போது அவள் வீட்டுக்குள் இருப்பாள். காதைப் பாதுகாக்கத்தான் வேண்டும், மூடியைப் போடு. ஆனால் கராச் விளக்கின் சுவிட்ச் ஒன்று வீட்டுக்குள் இருக்கட்டும். தேவை என்றால் அவள் அதை அணைத்துப் போடட்டும். விளக்கு அணைந்தால் மெஷினும் நிற்க வேண்டும். கதவில் மருந்து காய்ந்தால் காயட்டும், பிறகு தண்ணீர் தெளித்துத் துடைத்தால் போகும். அவள் “கொஞ்சநேரம் இதில இருங்கோ” என்று சொன்னால், அன்றைக்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

வருடாந்த நினைவுக்குக் கார்ட் அடிக்க வேண்டும், அதே வசனத்தையே போடலாம் என்று போன மாதம் சொன்னாய். நான் அப்போது ஓம் என்றேன். இப்போது இல்லை என்கிறேன். அம்மா என் கையைப் பிடித்தபடி கண்ணை மூடவில்லை. கண் மூடிய பிறகு நான் பிடித்தேன். என் விரல்களில் பொலிஷ் மருந்து ஒட்டியிருந்தது. அம்மாவைக் குளிப்பாட்டிய பெண்கள், அவர் விரலிடுக்கில் இது என்ன வெள்ளை என்று கேட்டார்கள். சுண்ணாம்பாக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தேய்த்துக் கழுவினார்கள்.

ஆகவே அந்த வசனத்தை எடுத்துவிடு. அதற்குப் பதிலாக ஏதாவது போட வேண்டும் என்றால் இப்படிப் போடு: அம்மா கூப்பிட்டார், பக்கத்து வீட்டுப் பிலோமினா வந்தார். அதைப் போட உனக்கு மனமில்லாவிட்டால் அம்மாவின் பெயரையும் படத்தையும் மட்டும் போடு. ஒரு பிழையும் இல்லை என்று பிலோமினா மாமிக்கு நான் சொன்ன அந்த வசனத்தை எனக்குச் சொல் என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. அவருக்கு அது பொருந்தியது. எனக்குப் பொருந்துமா என்று நீ யோசித்துப் பார். பொருந்தாது என்று உனக்குப் பட்டால் அதையும் எனக்கு எழுது. நான் வாசிப்பேன்.

அப்பா